ஃபோர்டு வி8 பிக்கப்பும் கொதிக்கும் ரேடியேட்டரும்

ஃபோர்டு நிறுவனம் 1932 முதல் 1953 வரை அமெரிக்காவில் தன் கார்களிலும் பிக்கப் வண்டிகளிலும் பொருத்திய வி8 என்ஜின் ‘ஃபிளாட்ஹெட்’ என்ற பெயரால் அறியப்படுகிறது. வால்வுகள் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் பிளாக்கினுள்ளேயே இருந்ததால் மேல்மூடியான ஹெட் தட்டையாக இருந்தது. அதனால் இந்தப் பெயர் வந்தது. குறைந்த விலை வண்டிகளில் பெருவெற்றி பெற்ற முதல் வி8 இதுவே. அதன் வேகம் எவ்வளவு பேசப்பட்டதோ அவ்வளவுக்கு அதன் கொதிப்பும் பேசப்பட்டது. இன்றும் இவ்வகைப் பழைய பிக்கப்பை வாங்குபவர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் பெரும்பாலும் சூடேறுதல்தான். அந்தக் குறையைக் கண்டறிய, வண்டி எந்த ஆண்டில் எப்படி வடிவமைக்கப்பட்டது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

முன்வரலாறு

தொடக்ககால மோட்டார் வண்டிகளில் நீர் கொதிப்பது குறையாகக் கருதப்படவில்லை. கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற வண்டி, நீரை ஆவியாக்கியே என்ஜினைக் குளிர்வித்தது. 1888-இல் பெர்த்தா பென்ஸ் மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை அவ்வண்டியை ஓட்டிச் சென்றபோது வழியெங்கும் நீர் ஊற்ற வேண்டியிருந்தது. வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டர் 1901-இன் மெர்சிடிஸ் வண்டியில் இடம்பெற்ற பிறகுதான், ஒரே நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டுக் காற்றால் குளிர்விக்கும் முறை உறுதிப்பட்டது.

1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி வண்டியின் முதல் சுமார் 2500 என்ஜின்களில் வாட்டர் பம்ப் இருந்தது. பிறகு அது நீக்கப்பட்டது. சூடான நீர் இலேசாகி மேலே எழும். ரேடியேட்டரில் குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும். இந்த இயக்கத்தாலேயே நீர் சுற்றிவரும். ‘தெர்மோசைஃபன்’ எனப்படும் இம்முறையில் பழுதாக ஒன்றும் இல்லை என்பதால் ஹென்றி ஃபோர்டுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் ரேடியேட்டரில் நீர் மட்டம் மேல்குழாய்க்குக் கீழே இறங்கினால் சுழற்சி அப்படியே நின்றுவிடும். 1925 ஏப்ரலில் 281 டாலருக்கு விற்பனைக்கு வந்த, ஆலையிலேயே கட்டப்பட்ட ஃபோர்டின் முதல் பிக்கப்பும் இதே முறையில்தான் குளிர்ந்தது.

அக்கால ஓட்டுநர்கள் பலர் ரேடியேட்டர் மூடியின் மேல் ‘பாய்ஸ் மோட்டோமீட்டர்’ என்ற வெப்பமானியைப் பொருத்திக்கொண்டனர். அது அளந்தது நீரை அல்ல. நீருக்கு மேலிருந்த ஆவியை. நீர் குறைந்துபோன வண்டியில் அது காட்டுவதை நம்ப முடியாது.

பிளாக்கின் அமைப்பு

வி8 என்ஜினில் எட்டு சிலிண்டர்களும் ஒரே வார்ப்பில் அமைந்தன. விலையைக் குறைத்தது இதுதான். வால்வுகள் இரு வரிசைகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் இருந்தன. புகைக்குழாய்களோ என்ஜினின் வெளிப்புறத்தில் இருந்தன. எனவே எரிந்த வாயு, நடுவிலிருந்து சிலிண்டர்களுக்கு இடையே புகுந்து, நீர் அறைகளைக் கடந்து வெளியேற வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு ஒவ்வொரு வரிசையிலும் நடுவிலுள்ள இரு சிலிண்டர்கள் ஒரே வழியைப் பகிர்ந்துகொண்டன. புகையோடு வெளியே போக வேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதி குளிர்விக்கும் நீரிலேயே கலந்தது. வேறு என்ஜினுக்குப் போதுமான ரேடியேட்டர் இதற்குப் போதாமற்போனதன் காரணம் இதுவே.

1932 முதல் 1936 வரை இரு வாட்டர் பம்புகளும் ஹெட்டுகளின் மேற்புறத்தில் இருந்தன. அவை ஏற்கனவே சூடேறிய நீரை உறிஞ்சி ரேடியேட்டருக்கு அனுப்பின. கொதிநிலையை நெருங்கிய நீரை உறிஞ்சும் பம்ப்பில் ஆவிக் குமிழிகள் தோன்றும். பம்ப் வெறுமனே சுழலும். அதாவது, மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது கைவிட்டுவிடும். 1937-இல் பம்புகள் பிளாக்கின் முன்பக்கத்துக்கு இடம்மாறின; ரேடியேட்டரின் அடியிலிருந்து வரும் குளிர்ந்த நீரைத் தள்ளத் தொடங்கின. இந்த என்ஜினின் குளிர்விப்பில் நிகழ்ந்த மிக முக்கியமான திருத்தம் இது என்று சொல்லலாம். ஆயினும் புகை வழி கடைசிவரை மாறவில்லை.

மணலும் துருவும்

பிளாக்கின் நீர் அறைகள் மணல் அச்சுகளைக் கொண்டு வார்க்கப்பட்டன. அந்த மணல் முழுதாக வெளியேறாமல், குறிப்பாகப் பின் சிலிண்டர்களைச் சுற்றித் தங்கிவிடுவதுண்டு. பழைய பிளாக்குகளைச் சுத்தம் செய்பவர்கள் இன்றும் மணலும் துருவும் கலந்த இறுகிய கட்டியைக் குத்தி எடுக்கிறார்கள்.

துரு சேர்ந்ததற்கு அக்காலப் பழக்கமும் காரணம். குளிர்காலத்தில் நீர் உறையாதிருக்க ஆல்கஹால் கலந்தனர். கோடையில் வெறும் நீர் ஊற்றினர். மெத்தில் ஆல்கஹால் 65 டிகிரி செல்சியசிலேயே கொதிப்பதால் விரைவில் ஆவியாகிப் போகும். எத்திலீன் கிளைக்கால் 1927-இல் ‘பிரெஸ்டோன்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. அது ஆவியாகாமல் தங்கியதோடு நீரின் கொதிநிலையையும் உயர்த்தியது. விலை கூடுதலாக இருந்ததால் எல்லோரும் உடனே அதற்கு மாறிவிடவில்லை.

குறை கண்டறியும் வழி

இந்த பிக்கப்புகளில் கண்டறிதலுக்கு வசதியான ஒரு தன்மை உண்டு. பம்ப், தெர்மோஸ்டாட், மேல்குழாய், கீழ்க்குழாய் எல்லாம் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உள்ளன. இரு பக்க ஹெட்டுகளின் வெப்பத்தை ஒப்பிட்டால், ஒரு பக்கம் மட்டும் சூடேறுவது தெரிந்துவிடும். அப்படியானால் ரேடியேட்டரைக் குறைசொல்வதில் பயனில்லை. அந்தப் பக்கத்துப் பம்ப், தெர்மோஸ்டாட் அல்லது அடைபட்ட நீர் அறையே காரணம்.

இரு பக்கமும் சூடேறினால் எப்போது சூடேறுகிறது என்று பார்ப்பார்கள். நின்ற இடத்தில் ஓடும்போது மட்டும் சூடேறினால் காற்றோட்டக் குறை: தளர்ந்த பெல்ட், விசிறி, ரேடியேட்டர் இதழ்களில் அடைந்த மண், பூச்சிகள். வேகமாகச் செல்லும்போது சூடேறினால் காற்றுக்குக் குறைவில்லை, நீரோட்டம் போதவில்லை. பெரும்பாலும் ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைபட்டிருக்கும். 1937-க்குப் பிந்தைய வண்டிகளில் கீழ்க்குழாய் பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால், அதன் ரப்பர் நைந்துபோனால் வேகத்தில் உள்நோக்கி ஒட்டிக்கொள்ளும். வண்டி நின்றதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதால் இது எளிதில் கண்ணில் படாது. இதைத் தடுக்கவே சில குழாய்களின் உள்ளே கம்பிச்சுருள் வைக்கப்படுகிறது.

நீரைச் சார்ந்த குறை ஒன்றும் இல்லையெனில் இக்னிஷன் நேரத்தைப் பார்க்க வேண்டும். தீப்பொறி தாமதமானால் எரிதலும் தாமதமாகி, வாயு அதிகச் சூட்டோடு புகை வழிக்குள் நுழையும். இந்த என்ஜினில் அவ்வழி நீருக்கு நடுவே செல்வதால் அந்தச் சூடு நேரே நீருக்குப் போகிறது. ரேடியேட்டரை மாற்றியும் தீராத கொதிப்பு சில வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருத்தியதும் தீர்வது இதனால்தான்.

1948-49-இல் ஹெட்டின் அமைப்பு மாறியது. நீர் வெளியேறும் வழி நடுவிலிருந்து முன்பக்கத்துக்கு வந்தது. பழைய வகைக் கேஸ்கெட்டைப் புதிய வகை ஹெட்டில் பொருத்தினால், நீர் பின் சிலிண்டர்கள்வரை போகாமல் முன்பகுதியிலேயே திரும்பிவிடும். பல கைகள் மாறி வந்த வண்டிகளில் இதையும் சரிபார்க்க வேண்டும். 6 வோல்ட் மின்சுற்றை 12 வோல்ட்டாக மாற்றிய வண்டியில், வெப்பமானி காட்டும் சூடு உண்மைதானா என்பதை வேறொரு வெப்பமானியால் உறுதிசெய்துகொள்வது நல்லது.

தெர்மோஸ்டாட்டும் மூடியும்

சூடேறும் வண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பழைய மெக்கானிக்குகளின் முதல் வைத்தியம். சில வண்டிகளில் அதனால் நிலைமை மோசமானது. ‘நீர் மிக வேகமாக ஓடுவதால் குளிர நேரமில்லை’ என்ற விளக்கம் அப்போது பிறந்தது, இன்றும் சொல்லப்படுகிறது. அது சரியல்ல. வேகமாக ஓடும் நீர் கூடுதல் வெப்பத்தையே கொண்டுசெல்லும். உண்மையில் நடந்தது வேறு. அழுத்தமில்லாத அந்த ரேடியேட்டர்களில், தடையின்றி வந்த நீர் மேல்தொட்டியை நிரப்பி வழிகுழாய் வழியே வெளியே கொட்டியது. நீர் குறைந்ததால் என்ஜின் சூடேறியது. குழாய்க்குள் நடுவில் துளையிட்ட வாஷரைச் செருகியவர்களுக்குப் பலன் கிடைத்ததும் இதனால்தான். வைத்தியம் சரி, சொன்ன காரணம்தான் தவறு.

ரேடியேட்டர் மூடியிலும் இத்தகைய குழப்பம் உண்டு. சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் கூடினால் கொதிநிலை சுமார் 1.6 டிகிரி செல்சியஸ் உயரும். ஆகவே 15 பவுண்டு மூடி போட்டால் கொதிக்காது என்று சிலர் பழைய ரேடியேட்டருக்கு அதைப் பொருத்துகின்றனர். ஈயப்பற்று வைத்த அதன் தொட்டிகள் அவ்வளவு அழுத்தத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல; தையல் விட்டுப் பிளந்துவிடும்.

பிளாக் விரிசல்

தொடர்ந்து சூடேறினால் வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள மெல்லிய சுவரில் விரிசல் விழும். அதன் வழியே எரிவாயு நீரில் கலக்கும். இதைக் கண்டறிய, என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்துவைத்து, பம்புகள் சுழலாதபடி பெல்ட்டைக் கழற்றி, ஒரு நிமிடம்போல ஓடவிடுவார்கள். பம்ப் நின்ற நிலையிலும் ரேடியேட்டர் வாயில் குமிழிகள் எழுந்தால் கேஸ்கெட் போயிருக்க வேண்டும், அல்லது பிளாக் வெடித்திருக்க வேண்டும். கேஸ்கெட்டை மாற்றிவிடலாம். வெடித்த பிளாக்கைத் தைத்து மீட்பது செலவு மிகுந்த வேலை. பல பிளாக்குகள் பழைய இரும்புக்கே போயின.

1954-இல் அமெரிக்க ஃபோர்டு பிக்கப்புகளுக்கு மேல்வால்வு வி8 வந்தது. புகை வழி ஹெட்டின் பக்கவாட்டில் நேரே வெளியேறியது. பிரான்சில் மட்டும் இராணுவ டிரக்குகளுக்காகப் பழைய பக்கவால்வு வி8 மேலும் பல பத்தாண்டுகள் வார்க்கப்பட்டது. அப்படி எஞ்சிய பயன்படுத்தப்படாத பிளாக்குகள் பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று, விரிசல் விட்டவற்றுக்குப் பதிலாகப் பழைய பிக்கப்புகளில் ஏறின.