காவுதடியில் வந்த கடை

ஹனோய் நகரின் பழைய பகுதியில் பாட் டான் தெரு, 49ஆம் எண். காலையிலேயே நடைபாதையில் வரிசை நிற்கும். முறை வந்ததும் முதலில் காசு, பிறகுதான் கிண்ணம். ஆவி பறக்கும் அந்தக் கிண்ணத்தை வாங்கியவரே இரு கையாலும் ஏந்திக்கொண்டு போய், எந்த மேசையில் இடம் காலியோ அங்கே, முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். பரிமாற ஆள் கிடையாது. விற்பது மாட்டிறைச்சி ஃபோ ஒன்றைத்தான். கறி நன்றாக வெந்ததா, அரைவேக்காடா என்பதுதான் அங்கே கேட்கப்படும் கேள்வி.

அலங்காரம் எதுவும் இல்லாத, கூட்டம் குறையாத இத்தகைய கடைகள் வியட்நாம் முழுவதும் உண்டு. 2023இல் மிஷலின் வழிகாட்டி முதன்முதலாக ஹனோய்க்கும் ஹோ சி மின் நகருக்கும் வந்தபோது, குறைந்த விலையில் நல்ல உணவு தரும் இடங்களின் பட்டியலில் ஃபோ கடைகள் பல இடம்பெற்றன. வெளியூர்க்காரர் பலருக்கு இந்தக் கடைகளின் தோரணை அலட்சியமாகப் படுகிறது. குட்டை முக்காலி, ஒற்றைப் பண்டம், உபசாரம் இல்லாத பரிமாறல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு காலமும் காரணமும் இருப்பது தெரிந்தால் அப்படித் தோன்றாது.

ஃபோ என்பது அரிசி மாவைத் துணிமேல் ஆவியில் வேகவைத்து மெல்லிய தகடாக எடுத்து, நாடாவாக அரிந்து, அதன்மேல் கறித்துண்டுகளை அடுக்கி, கொதிக்கும் எலும்புச் சாற்றை ஊற்றித் தருவது. வியட்நாமின் அடையாளமாக உலகம் அறிந்த இந்த உணவுக்கு வயது அதிகமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ வடக்கே செவ்வாற்றுச் சமவெளியில் பிறந்தது அது. அதற்கு முன்பு அங்கே மாடும் எருமையும் உழவுக்கு உரியவை, அவற்றை அறுத்துத் தின்பது அரிது. பிரெஞ்சுக்காரர்கள் வந்து ஆட்சியைப் பிடித்த பிறகு, அவர்களுடைய சாப்பாட்டுக்காக மாடுகள் அறுபட்டன. நல்ல கறி அவர்கள் வீட்டுக்குப் போனது. எலும்பும் சவ்வும் கழிவுக்கறியும் கசாப்புக்காரரிடம் மலிவாகத் தேங்கின.

அந்த எலும்பை முதலில் அண்டாவில் போட்டவர் யார் என்பதில் இன்றும் சண்டை உண்டு. செவ்வாற்றுப் படகுத்துறைகளில் கூலியாட்கள் குடித்த எருமைக்கறி நூடுல்ஸ் சூப்பிலிருந்து வந்தது என்கிறது ஒரு தரப்பு. தென்சீனத்துத் தெருவியாபாரிகள் கொண்டுவந்த மாட்டுக்கறி நூடுல்ஸிலிருந்து வந்தது என்கிறது இன்னொன்று. இஞ்சியையும் வெங்காயத்தையும் நெருப்பில் கருகச் சுட்டுச் சாற்றில் போடும் பழக்கத்தைக் காட்டி, பிரெஞ்சு வீட்டுச் சமையலே மூலம் என்பாரும் இருக்கிறார்கள். மூன்றிலும் உண்மை கலந்திருக்கலாம். அந்த மலிவு எலும்பு இல்லாதிருந்தால் இந்த உணவும் இல்லை என்பது மட்டும் உறுதி.

ஹனோய்க்குத் தெற்கே உள்ள நாம் டின் பகுதி தன்னையே தாய்வீடாகச் சொல்லிக்கொள்கிறது. அந்த உரிமைக்கு வலுவான ஆதாரம் வான் கூ என்ற கிராமம். ‘கோ’ என்ற குடிப்பெயர் கொண்ட குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக ஃபோ சமைப்பதையே தொழிலாகக் கொண்டவை. நாம் டின் நகரில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் பெரிய நூற்பாலை வந்தது. ஆலைத் தொழிலாளிக்கு விடியலிலேயே சூடாக, மலிவாக, நின்ற இடத்தில் வயிறு நிறையச் சாப்பாடு வேண்டும். வான் கூ ஆண்கள் அதைக் கொடுத்தார்கள். பிறகு அதே சரக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு ஹனோய்க்கு நடந்தார்கள்.

தோளில் என்றால் உண்மையாகவே தோளில். காவுதடியின் ஒரு முனையில் எரியும் அடுப்பும் சாற்று அண்டாவும் தொங்கும். மறுமுனையில் சிறு மரப்பெட்டி. அதில் கிண்ணங்கள், அரிந்த நூடுல்ஸ், கறி, வெங்காயத்தாள், கத்தி, வெட்டுப்பலகை எல்லாம் அடங்கும். ஆன்ரி ஓழே என்ற பிரெஞ்சுக்காரர் 1908, 1909 ஆண்டுகளில் ஹனோய் மக்களின் தொழில்களையும் கருவிகளையும் ஆயிரக்கணக்கான கோட்டோவியங்களாகத் தொகுத்தபோது, இந்தத் தெருவியாபாரியும் அவற்றில் இடம்பிடித்தார். பின்னர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் கம்பளித் தொப்பி அணிந்த ஃபோக்காரர் ஹனோய்த் தெருக்களில் பழகிய முகம்.

இன்றைய கடையின் பல வழக்கங்களுக்கு இந்தக் காவுதடியில்தான் வேர் இருக்கிறது. ஒரு தோள் தாங்குகிற எடைக்குள் ஒரு பண்டம்தான் அடங்கும், ஆகவே ஒன்றை மட்டும் சமைத்தார்கள். மேசை நாற்காலியைச் சுமக்க முடியாது. சாப்பிடுகிறவர் குந்தி உட்கார்ந்தோ, கையகல முக்காலியில் அமர்ந்தோ சாப்பிட்டார். கிண்ணங்கள் சில மட்டுமே இருந்ததால், அவர் முடித்து எழுந்தால்தான் அடுத்தவருக்குக் கிண்ணம் கிடைக்கும். உட்கார்ந்து கதை பேச இடமில்லை. இன்று கூரையும் சுவரும் வந்த பிறகும் ஃபோ கடையில் ஒருவர் பத்து, பதினைந்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

முப்பதுகளில் எழுத்தாளர்களும் ஃபோவைத் தேடி வந்தார்கள். அங்கதக் கவிஞர் தூ மோ அதைப் போற்றிக் கவிதையே எழுதினார். 1942இல் இளவயதில் இறந்த தாக் லாம், ஹனோயின் தெருக்களைப் பற்றிய தம் கட்டுரைகளில் இதை ஏழை பணக்காரர் எல்லோரும் நாள் முழுவதும் உண்ணும் நகரத்து உணவாகக் காட்டினார். 1939இல் திங்கள், வெள்ளிக் கிழமைகளில் மாட்டிறைச்சி விற்பனை நிறுத்தப்பட்டபோது சமையற்காரர்கள் கோழிக்கு மாறினார்கள். மாட்டிறைச்சிப் பக்தர்கள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் கோழி ஃபோ நிலைத்துவிட்டது.

அண்டாவுக்குள் நடப்பதைச் சொல்லாமல் இந்தக் கடையின் கணக்கு விளங்காது. எலும்புகளை ஊறவைத்து, ஒருமுறை கொதிக்கவிட்டு, அழுக்கு நீரைக் கொட்டி, கழுவி, மீண்டும் புதிய நீரில் போட்டு, சிறு தீயில் பல மணி நேரம் வைக்கிறார்கள். பல கடைகளில் இந்த வேலை முந்தைய நாள் மாலையே தொடங்கிவிடும். தீ கூடினால் சாறு கலங்கிப்போகும், ஆகவே இடையிடையே நுரையை எடுக்க ஆள் விழித்திருக்க வேண்டும். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, கறுப்பு ஏலக்காய் ஆகியவற்றை வறுத்துத் துணியில் முடிந்து போடுகிறார்கள். அன்னாசிப்பூ சீன எல்லையை ஒட்டிய லாங் சோன் மலைகளில் விளைவது. நம் பிரியாணிக்குத் தாளிக்கிற அதே சாமான்கள்தாம் பெரும்பாலும், ஆனால் அங்கே அவை வாசனை மட்டும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். உப்புக்கு மீன் சாஸ். கடைசியில் கிடைப்பது அடி தெரிகிற தெளிவான சாறு. காசும் உழைப்பும் முழுவதும் அந்த அண்டாவுக்கே போகின்றன. சுவருக்கு வண்ணம் பூசுவதைத் தள்ளிப்போட்டாலும் எலும்பில் கைவைக்காத கடைக்காரரைத்தான் ஹனோய்க்காரர் நம்புகிறார்.

1954இல் ஜெனீவா உடன்படிக்கை நாட்டை இரண்டாகப் பிரித்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கம்யூனிஸ்ட் ஆட்சியின் கீழ் வந்த வடக்கை விட்டுத் தெற்கே போனார்கள். கைப்பையில் கொண்டுபோக முடியாத சொத்துகளை இழந்தவர்கள், கைத்தொழிலாகக் கொண்டுபோனவற்றில் ஃபோவும் ஒன்று. அவர்கள் போய்ச் சேர்ந்த சைகோன், இன்றைய ஹோ சி மின் நகர், ஏற்கெனவே பல நாவுகளின் ஊர். சீனரும் கெமரும் தந்த ஹூ தியூ என்ற நூடுல்ஸ் அங்கே காலை உணவு. பிரெஞ்சுக்காரர் தந்த ரொட்டி தெருவெங்கும் உண்டு. லேவாதேவி நடத்திய நகரத்தாரும், புதுச்சேரி, காரைக்காலிலிருந்து அரசு வேலைக்கும் வணிகத்துக்கும் போன தமிழரும் அந்த ஊரில் வாழ்ந்தார்கள். அவர்கள் வழிபட்ட மாரியம்மன் கோயில் இன்றும் நகரின் நடுவே இருக்கிறது. கறிக்குழம்பு அங்கே ‘கா ரி’ ஆகி, ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் தெற்கத்திப் பண்டமாகிவிட்டது.

இப்படிப்பட்ட ஊரில் வடக்கத்தி ஃபோ தன் கறாரை விட்டுக்கொடுத்தது. முளைப்பயறு, துளசி வகைக் கீரைகள், எலுமிச்சை, இனிப்பான ஹாய்சின் சாஸ், மிளகாய் எல்லாம் தட்டு நிறைய மேசைக்கு வந்தன. சாறும் கொஞ்சம் இனித்தது. இதை ஃபோ என்றே ஒப்புக்கொள்ளாத ஹனோய்க்காரர் இன்றும் உண்டு. ஆனால் வெளிநாடுகள் அறிந்த ஃபோ பெரும்பாலும் இந்தத் தெற்கத்தி ஃபோதான்.

வடக்கில் நடந்தது வேறு கதை. தனியார் கடைகள் படிப்படியாக மூடப்பட்டு, அரசு உணவகங்கள் வந்தன. அரிசிக்கும் இறைச்சிக்கும் பங்கீட்டுச் சீட்டு. முதலில் காசைக் கட்டிச் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, கிண்ணத்தைத் தானே சுமந்துகொண்டு போகும் பழக்கம் அந்தக் கடைகளில்தான் ஊறியது. அலுமினியக் கரண்டியை யாரும் எடுத்துக்கொண்டு போகாதிருக்க அதில் ஓட்டை போட்டுவைத்தார்களாம். சாறு மெலிந்தது, அஜினமோட்டோ தூக்கலானது. கறியே இல்லாத ஃபோவும் விற்றது. அறுபதுகளில் வட வியட்நாமின் வானில் அமெரிக்காவின் ஆளில்லா வேவு விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. மக்கள் அந்தக் கறியில்லாக் கிண்ணத்துக்கும் ‘விமானி இல்லாத ஃபோ’ என்று பெயர் வைத்தார்கள். 1957இல் நுயென் துவான் என்ற பெரும் உரைநடையாளர் ஃபோவைக் கொண்டாடி ஒரு கட்டுரை எழுதி, புரட்சிக் காலத்தில் நாக்கின் சுகத்தைப் பாடுவதா என்ற கண்டனத்துக்கு ஆளானார். அந்தக் கட்டுரையைத்தான் இன்று வியட்நாமியர் விரும்பிப் படிக்கிறார்கள்.

வியட்நாம் போரின் நடுவிலும் தெற்கில் ஃபோ கடைகள் இரைச்சலாகவே இருந்தன. அந்த இரைச்சலைப் பயன்படுத்திக்கொண்டது சைகோனின் யென் டோ தெருவில் 7ஆம் எண்ணில் இருந்த ஃபோ பின் என்ற கடை. உரிமையாளர் நோ தோவாய். கீழே அமெரிக்க வீரர்களும் உள்ளூர்க்காரர்களும் ஃபோ சாப்பிட்டுக்கொண்டிருக்க, மாடியில் கம்யூனிஸ்ட் கெரில்லாப் படையான வியட்காங்கின் சைகோன் தாக்குதல் பிரிவு ரகசியத் தலைமையிடம் வைத்திருந்தது. 1968 ஜனவரி இறுதியில், டெட் எனப்படும் சந்திரப் புத்தாண்டை ஒட்டிச் சைகோனைத் தாக்கும் உத்தரவு அந்த மாடியிலிருந்துதான் போனது. தோவாய் கைதாகிச் சிறைக்குப் போனார். தெருவின் பெயர் இன்று லீ சின் தாங். ஆட்கள் ஓயாமல் வந்துபோகும், யாரும் யாரையும் உற்றுப் பார்க்காத மலிவுக் கடையைவிட நல்ல மறைவிடம் அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

1975 ஏப்ரலில் சைகோன் வட வியட்நாமியப் படையிடம் வீழ்ந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் படகேறிப் பிற நாடுகளில் கரைசேர்ந்தார்கள். கடலில் மடிந்தவர்கள் கணக்கில் இல்லை. ஃபோ இரண்டாம் முறை அகதியானது. கலிஃபோர்னியாவின் கார்டன் குரோவில் 1982இல் ஃபோ 79 திறந்தது. வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில் ஃபோ 75 வந்தது. பாரிஸின் 13ஆம் வட்டாரத்திலும், சிட்னியின் கப்ரமட்டாவிலும், மெல்பர்னின் ஃபுட்ஸ்கிரேயிலும் இதே அச்சில் கடைகள் முளைத்தன. பெயர்ப்பலகையில் 54 என்றோ 75 என்றோ கண்டால், பெரும்பாலும் அது குடும்பம் ஊரைவிட்டு வந்த ஆண்டு அல்லது நாடு மாறிய ஆண்டு. மொழி தெரியாமல், கடன் கொடுப்பார் இல்லாமல் வந்தவர்களுக்கு இந்தக் கடைதான் முதல் தொழில். வாடகை குறைந்த வணிக வளாகத்தில் ஓர் அறை, வெறும் மேசைகள், மேசைமேல் சாஸ் புட்டிகளும் கரண்டி டப்பாவும், சமையலுக்குத் தாய், பரிமாற அப்பா, பள்ளி விட்டதும் கல்லாவுக்குப் பிள்ளைகள். அதே ஃபோ 79க்கு 2019இல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை ‘அமெரிக்காவின் செவ்வியல் உணவகம்’ என்ற விருதைத் தந்தது. அகதிகளின் சமையலறை ஒன்றுக்குக் கிடைத்த மரியாதையில் இது பெரிதுதான்.

தாய்நாட்டில் 1986இல் அறிவித்த தொய் மொய் சீர்திருத்தம் தனியார் தொழிலுக்குக் கதவு திறந்தது. அடங்கிக் கிடந்த குடும்பங்கள் முன்னறையில் அண்டாவை ஏற்றின. மர முக்காலியின் இடத்துக்குச் சிவப்பும் நீலமுமான பிளாஸ்டிக் முக்காலி வந்தது. மலிவு, எடையில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், காவலர் வரும்போது சட்டென்று உள்ளே இழுத்துவிடலாம்.

காவலர் வருவது கற்பனையல்ல. 2017இல் ஹோ சி மின் நகரின் முதல் மாவட்டத்திலும் ஹனோயிலும் நடைபாதைகளை மீட்கிறோம் என்று பெரிய அளவில் வேட்டை நடந்தது. முக்காலிகளும் அடுப்புகளும் லாரியில் ஏறின. நடப்பவருக்கு வழி வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் கூரை வாடகை கொடுக்க முடியாத விற்பனையாளருக்குப் போக்கிடம் என்ன என்பதற்கு அப்போது விடை இல்லை. 2024 ஆகஸ்டில் வியட்நாம் அரசு ஹனோய் ஃபோவையும் நாம் டின் ஃபோவையும் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு ஹோ சி மின் நகரின் முதல் மாவட்டம், சில தெருக்களில் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு நடைபாதையில் கடை வைக்க அனுமதிக்கத் தொடங்கியது. சரியான வழி அதுதான். நடைபாதையில் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு இந்தப்புறம் அண்டாவுக்கும் முக்காலிக்கும் என்று ஹனோயும் ஒதுக்கித் தர வேண்டும். சமையற்குறிப்பைப் பட்டியலில் ஏற்றிவிட்டு, அதைத் தோளில் சுமந்து ஊருக்குள் கொண்டுவந்தவர்களின் வாரிசுகளை விரட்டுவது எந்த வகையிலும் நியாயமில்லை.