பாரதி பாட்டுக்கு ஒரு சொந்தக்காரர்

சதுரங்கப்பட்டினத்தில் பள்ளி ஆண்டு விழா நடந்தாலும் சரி, கோடம்பாக்கத்தில் படம் எடுத்தாலும் சரி, பாரதி பாட்டைப் பாட இன்னிக்கு யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டாம். 1948ல் நிலைமை வேற.

1928ல் வெள்ளைக்கார அரசு பாரதி பாடல் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது தெரிஞ்ச கதை. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த தடையைத்தான் நாம அதிகம் பேசுறதில்லை. பாடல்களின் இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமை மட்டும் தனியாகப் பிரிந்து, ஜேசிங்லால் மேத்தா என்ற வியாபாரியிடமிருந்து ஏ.வி. மெய்யப்ப செட்டியாருக்கு வந்திருந்தது. 1947ல் அவருடைய 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் பிரபலமாயின. மறுவருஷம் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்க்க, ஏ.வி.எம். வழக்குக்குப் போனது.

செட்டியாரைத் திட்டிப் பிரயோசனமில்லை. காசு கொடுத்து வாங்கினார். 1914ஆம் வருஷச் சட்டப்படி கவிஞர் இறந்து 50 வருஷம், அதாவது 1971 வரை, உரிமை நிற்கும். 1928 தடையை எதிர்த்துச் சட்டசபையில் சத்தியமூர்த்தி பேச முடிந்தது. இதுவோ, காகிதத்தில் வெறும் சொத்துத் தகராறு! எனக்கு இதுதான் உறுத்துது.

எழுத்தாளர்கள் கிளர்ச்சி செய்தார்கள். 1949 மார்ச்சில் ஓமந்தூரார் அரசு பாரதி பாடல்களை நாட்டுடைமை ஆக்குவதாக அறிவித்தது. செட்டியார் பணம் வாங்காமலே உரிமையைக் கொடுத்துவிட்டார். பின்னால் அரசும் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் பொதுவில் விட்டுவிட்டது.