துப்பாக்கி உருமறைப்புப் பூச்சு

துப்பாக்கி உருமறைப்புப் பூச்சு என்பது துப்பாக்கியின் வெளிப்பரப்பைச் சுற்றுப்புறத்திலிருந்து எளிதில் பிரித்தறிய முடியாதவாறு நிறமேற்றும் முறையாகும். படைத்துறையினரும், வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில் வேட்டையாடுவோரும் இதனைப் பயன்படுத்துகின்றனர். எஃகைத் துருவிலிருந்து காக்கும் பூச்சே பல வேளைகளில் உருமறைப்புப் பூச்சாகவும் அமைகிறது. எனவே ஒரு பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது இவ்விரு பணிகளும் சேர்த்தே கருதப்படுகின்றன.

தேவை

துப்பாக்கி நீண்டது, நேரானது, கருமையானது, பளபளப்பானது. இந்த நான்கு இயல்புகளும் ஒருங்கே அமைந்த பொருள் காட்டிலோ வயலிலோ காணக்கிடைப்பது அரிது. ஆதலால் ஆள் நன்றாக மறைந்திருந்தாலும் அவர் கையிலுள்ள குழல் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உருமறைப்பின் அடிப்படைகள் விலங்கியலிலிருந்து பெறப்பட்டவை. அமெரிக்க ஓவியரான அபட் தேயர் விலங்குகளின் நிறங்களைப் பற்றிய நூலை 1909இலும், பிரித்தானிய விலங்கியலாளரான இயூ காட் தமது நூலை 1940இலும் வெளியிட்டனர். பின்புலத்தின் நிறத்தைப் பெற்றிருப்பது மட்டும் போதாது. உடலின் புறக்கோடு கண்ணுக்குத் தொடர்ச்சியாகப் புலப்படாதவாறு உடைக்கப்படவும் வேண்டும் என்பது இவற்றிலிருந்து பெறப்படும் முக்கியமான கருத்தாகும். தமிழ்நாட்டின் வயல் வரப்புகளில் காணப்படும் மடையான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழுப்புக் கோடுகள் கொண்ட முதுகுடன் அசையாமல் நிற்கும் அப்பறவை, வெண்ணிறச் சிறகை விரித்துப் பறக்கும்போதுதான் பெரும்பாலானோர் கண்ணில் படுகிறது. நிறம் எவ்வளவு பொருந்தினாலும் அசைவு அதனைக் கெடுத்துவிடும் என்பதையும் மடையானே காட்டுகிறது.

வரலாறு

18ஆம் நூற்றாண்டில் பிரித்தானியக் காலாட்படையின் மஸ்கட் துப்பாக்கிக் குழல்கள் பளபளப்பாகத் தேய்த்தே வைக்கப்பட்டன. 1783இல் பிரித்தானியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே நடந்த கடலூர் முற்றுகை போன்ற போர்களில் கருமருந்தின் அடர்ந்த புகை களத்தை மூடியது. ஒளிந்துகொள்வதைவிட, புகைக்கு நடுவே தம் படையினரை இனங்காண்பதே அப்போது முக்கியமாக இருந்தது. சிவப்புச் சீருடைக்கும் அது பொருந்தியது. 1840களில் பெசாவரில் அமைக்கப்பட்ட வழிகாட்டிப் படை காக்கி நிறத்தை ஏற்றது. 1884இல் பிரான்சில் பால் வியேல் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கினார். சுடுபவரின் இடத்தைப் புகை காட்டாத நிலை ஏற்பட்ட பின்னரே மறைந்திருந்து சுடுவது முழுப்பயன் தந்தது.

முதல் உலகப்போரின்போது, 1915இல், பிரெஞ்சுப் படை ஓவியர்களைக் கொண்டு தனி உருமறைப்புப் பிரிவை அமைத்தது. பீரங்கிகளுக்கு நிறக்கோலங்கள் தீட்டப்பட்டன. குறிபார்த்துச் சுடுவோர் தம் துப்பாக்கிகளைச் சாக்குத் துணியால் சுற்றினர். இந்த எளிய முறை இன்றும் கைவிடப்படவில்லை. எந்தப் பூச்சும் தராத இழைநயத்தைத் துணி தருகிறது.

பூச்சு முறைகள்

நீலமேற்றலும் பாஸ்பேட் பூச்சும் பழைய முறைகள். இவை வண்ணப்பூச்சுகள் அல்ல. எஃகின் மேற்பரப்பையே வேதிவினையால் மாற்றுபவை. பாஸ்பேட் பரப்பு மங்கலான சாம்பல் நிறம் கொண்டது; எண்ணெயைப் பிடித்துவைக்கும்; வண்ணப்பூச்சுக்கும் நல்ல அடித்தளமாகும்.

செராமிக் துகள் கலந்த பல்லுறுப்பிப் பூச்சுகள் பிற்காலத்தில் பரவலாயின. இவற்றுள் செராகோட் நன்கு அறியப்பட்டது. உலோகத்தின் எண்ணெய்ப்பசை நீக்கப்பட்டு, அலுமினியம் ஆக்சைடு துகள் வீச்சால் பரப்பு சொரசொரப்பாக்கப்படும். பின்னர் பூச்சு தெளிக்கப்பட்டு, உலையில் ஏறத்தாழ 120 பாகை செல்சியசில் 2 மணி நேரம் பதப்படுத்தப்படும். பூச்சின் தடிப்பு சுமார் 25 மைக்ரோமீட்டர் மட்டுமே. ஆயினும் தாழும் விசைப்பொறியும் அமையும் இடங்களில் இந்தச் சிறு தடிப்பும் இயக்கத்தைத் தடுக்கக்கூடும். குழலின் உட்புறம், தோட்டா அறை, விசைப்பொறியின் பற்றும் முனைகள் ஆகியவை மூடி மறைக்கப்பட்ட பின்னரே பூச்சு தெளிக்கப்படுகிறது.

நீர்வழிப் படிமமாற்று முறையில், நிறக்கோலம் அச்சிட்ட பாலிவினைல் ஆல்ககால் படலம் நீரின்மேல் மிதக்கவிடப்பட்டு, ஒரு கரைப்பானால் இளக்கப்படுகிறது. பொருளை மெல்ல அமிழ்த்தும்போது கோலம் அதன் வளைவுகளில் ஒட்டிக்கொள்கிறது. இலை, பட்டை போன்ற நுண்ணிய உருவங்களுக்கு இது ஏற்றது. மேலே பூசப்படும் தெளிபூச்சு பளபளப்பாக இருந்தால் மட்டும் முழு முயற்சியும் வீணாகும்.

நிறக்கோலத் தேர்வு

தேர்வைத் தீர்மானிப்பவை நிலமும் பருவமும் தொலைவுமே; கடையில் அழகாகத் தெரியும் கோலம் அன்று. சிதம்பரத்திற்கு வடக்கே வெள்ளாற்றங்கரையில் உள்ள புவனகிரி வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சம்பாப் பருவத்தில், கார்த்திகை மாதத்தில், அவ்வயல்கள் முழுப் பச்சையாக இருக்கும். தை மாதத்தில் கதிர் பழுத்து மஞ்சளாகும். அறுவடைக்குப் பின் வைக்கோல் நிறத் தாள்களுக்கிடையே உளுந்து முளைத்திருக்கும். கிழக்கே பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டின் கரும்பச்சையும் சேற்றின் சாம்பல் நிறமும் ஆண்டு முழுதும் மாறுவதில்லை. வடமேற்கே பண்ருட்டிப் பக்கம் செம்மண்ணும் முந்திரித் தோப்பும் உள்ளன. ஐம்பது கிலோமீட்டருக்குள் மூன்று வேறு நிலங்கள். அவற்றுள் ஒன்றுக்கு ஏற்ற கோலம் மற்றதில் எடுப்பாகவே தெரியும்.

எல்லா நிலத்துக்கும் ஒரே கோலம் என்ற முயற்சியின் விளைவை ஐக்கிய அமெரிக்கத் தரைப்படை கண்டது. 2004இல் அறிமுகமான அதன் பொதுக்கோலம் நகரம், பாலை, காடு ஆகிய மூன்றுக்கும் ஏற்றதாகக் கருதப்பட்டது. சாம்பல் கலந்த வெளிர் நிறப் புள்ளிகளாலான அது ஆப்கானிஸ்தானின் பழுப்பு நிலத்திலும் பச்சைப் பள்ளத்தாக்குகளிலும் தனித்துத் தெரிந்தது. 2010 முதல் அங்கிருந்த வீரர்களுக்கு மல்டிகாம் கோலம் வழங்கப்பட்டது; பொதுக்கோலம் 2019இல் முற்றிலும் விலக்கப்பட்டது. இந்தியத் தரைப்படையின் புள்ளிக்கோலப் போர்ச்சீருடை 2022 சனவரி 15ஆம் நாள் படைநாள் அணிவகுப்பில் வெளியிடப்பட்டது.

தொலைவும் கருத வேண்டியதே. நுண்ணிய புள்ளிகள் தொலைவில் ஒன்றாகக் கலந்து ஒரே நிறத் திட்டாகிவிடும். எனவே குழலுக்குக் குறுக்காக அமையும் அகன்ற பட்டைகள், நேர்க்கோட்டை உடைப்பதில் சிறு இலைகளைவிடப் பயன் தருகின்றன. தொழில்முறைக் கோலம் எதுவுமின்றி இரண்டு மங்கல் நிறங்களைக் கையால் தெளித்த துப்பாக்கி, விலையுயர்ந்த கோலத்தைவிட நன்றாக மறைவதுண்டு.

அகச்சிவப்புக் கதிரில் தோற்றம்

கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் பூச்சு இரவுநோக்கிக் கருவியிலும் இலையைப் போலவே தெரியும் என்பதற்கு உறுதியில்லை. பசிய இலைகள் 700 நானோமீட்டருக்கு மேற்பட்ட அண்மை அகச்சிவப்புக் கதிர்களை மிகுதியாக எதிரொளிக்கின்றன. கார்பன் கருநிறமி அவற்றை உறிஞ்சிவிடுவதால், ஒளிரும் இலைகளுக்கு நடுவே துப்பாக்கி கருங்கோடாகத் தெரியும். படைத்துறைப் பூச்சுகளில் இதற்கெனத் தேர்ந்த நிறமிகள் சேர்க்கப்படுகின்றன. சுட்டுச் சூடேறிய குழலை வெப்பப்படக் கருவியிலிருந்து நிறத்தால் மட்டும் மறைக்க இயலாது.

இந்தியச் சட்டம்

தமிழ்நாட்டில் படைத்துறைத் துப்பாக்கிகள் திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலையில் செய்யப்படுகின்றன. 1966இல் தொடங்கப்பட்ட இது, 2021 முதல் அட்வான்சுடு வெப்பன்சு அண்டு எக்யூப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் கீழ் உள்ளது. உருமறைப்புத் துப்பாக்கிகளுக்கு மேலைநாடுகளில் பெருஞ்சந்தையாக விளங்கும் வேட்டை, இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தாலும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் தடைசெய்யப்பட்டுள்ளது.

1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி, துப்பாக்கியைச் செய்வதற்கும் பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் உரிமம் தேவை. பூச்சு வேலையில் கவனிக்க வேண்டியது இச்சட்டத்தின் 8ஆம் பிரிவாகும். துப்பாக்கியில் பொறிக்கப்பட்ட பெயர், எண், அடையாளக்குறி ஆகியவற்றை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். அவை அழிந்த நிலையிலுள்ள துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை அவரே அழித்ததாகக் கொள்ளப்படும். துகள் வீச்சில் ஆழமில்லாத எண்கள் தேய்ந்துபோகலாம். தடித்த பூச்சு அவற்றை நிரப்பிவிடலாம். இதனால் எண் பொறித்த பகுதி முதலிலேயே ஒட்டுநாடாவால் மூடப்படுகிறது.