யமத்தோ அரசின் ஆதி வரலாற்று நூல்கள்

672ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் வென்று, மறு ஆண்டு ஜப்பானிய அரியணை ஏறிய தென்மு, உயர்குடியினர் காத்துவந்த வமிச ஏடுகளில் பொய்கள் மலிந்துவிட்டன என்று கருதி, அவற்றைத் திருத்தி உண்மை வரலாற்றை நிலைநிறுத்த விரும்பினார் என்று கொஜிகி நூலின் முன்னுரை கூறுகிறது. ஹியெதா நோ அரே மனனம் செய்துவைத்திருந்தவற்றை ஓ நோ யசுமரோ மூன்று தொகுதிகள் கொண்ட கொஜிகியாக எழுதி, 712இல் பேரரசி கென்மெயிடம் அளித்தார். இளவரசர் தொனேரியின் மேற்பார்வையில் சீனச் செம்மொழியில் 30 தொகுதிகளாக இயற்றப்பட்ட நிஹோன் ஷொகி 720இல் நிறைவுற்றது. அரசகுடியைச் சூரிய தேவதை அமத்தெராசுவின் வழித்தோன்றலாக நிறுவுவது இரு நூல்களுக்கும் பொது நோக்கமே எனினும், நிஹோன் ஷொகி தேவர் காலத்தைச் சொல்லுமிடத்தில் ஒரே கதைக்கு வழங்கிய பல வடிவங்களையும் அழிக்காமல் அடுத்தடுத்துத் தருகிறது; அரசாணையால் எழுந்த நூலில் இத்தகைய நேர்மை போற்றத்தக்கது.

ஆண்டுக் கணக்கில்தான் அந்நூலை அப்படியே ஏற்க இயலாது. முதல் பேரரசர் ஜின்மு அரியணை ஏறிய ஆண்டை அது கி.மு. 660 எனக் கொள்ளும்படி அமைத்திருப்பதால், தொடக்க கால அரசர் பலருக்கு நூறாண்டைக் கடந்த ஆயுளைக் கற்பிக்க நேர்ந்தது. பிரபவ முதல் அட்சய வரை எண்ணும் முறையைப் போலவே, கிழக்காசியாவிலும் ஆண்டுகள் அறுபதின் சுழற்சியாகப் பெயரிடப்பட்டமையால், ஒரு நிகழ்ச்சியை முழுச் சுழற்சிகள் பின்தள்ளினாலும் ஆண்டின் பெயர் மாறுவதில்லை. கொரியாவின் பெக்சே நாட்டு மன்னர் குன்சோகோ 375இல் இறந்ததாகக் கொரிய வரலாறு குறிக்க, நிஹோன் ஷொகியோ அம்மரணத்தை அரசி ஜிங்கூவின் காலத்தில், 255ஆம் ஆண்டில் வைக்கிறது. சரியாக 120 ஆண்டுகள், அதாவது இரண்டு சுழற்சிகள், வேறுபடுவதால், பெக்சே ஏடுகளிலிருந்து எடுத்த உண்மைச் செய்தியே இடம்பெயர்ந்து நிற்கிறது என்பது தெளிவாகிறது. பிழையின் அளவே அதைத் திருத்தும் வழியையும் காட்டிவிடுகிறது.

ஐந்தாம் நூற்றாண்டை நெருங்கும்போது அகழாய்வும் துணைக்கு வருகிறது. சைத்தாமா மாநிலத்து இனாரியாமா புதைமேட்டில் கிடைத்த இரும்பு வாளை 1978இல் ஊடுகதிரால் ஆராய்ந்தபோது, பொன்னிழை பதித்த 115 எழுத்துகள் வெளிப்பட்டன. பெரும்பாலோர் 471 எனக் கொள்ளும் ஆண்டைத் தாங்கிய அவ்வெழுத்துகள், வாளுக்குரியவரின் எட்டுத் தலைமுறைகளை வரிசைப்படுத்தி, அவர் வகதகெரு என்னும் மன்னருக்குப் பணிபுரிந்ததைப் பதிவுசெய்கின்றன. அம்மன்னர் இவ்விரு நூல்களும் குறிப்பிடும் யூர்யாக்கு என்பதே பரவலாக ஏற்கப்பட்ட முடிவு. ஆனால் வாள் அவரைப் ‘பெருமன்னர்’ என்று மட்டுமே அழைக்கிறது. நிஹோன் ஷொகி அவருக்குச் சூட்டும் ‘தென்னோ’ என்ற பேரரசுப் பட்டம், அவருக்குப் பிந்திய காலத்தில் நிலைபெற்று, முன்னோர் அனைவருக்கும் ஏற்றி எழுதப்பட்டது.