பாரடேயும் பாயும் நீரும்

1832ஆம் ஆண்டு சனவரித் திங்கள். இலண்டன் மாநகரின் வாட்டர்லூ பாலத்துக் கைப்பிடிச் சுவரின்மேல் 960 அடிச் செம்புக் கம்பியை விரித்து, அதன் இரு முனைகளிலும் உலோகத் தகடுகளைப் பிணைத்துத் தேம்சு ஆற்றில் இறக்கினார் மைக்கேல் பாரடே. காந்தப் புலத்தில் அசையும் கடத்தியில் மின்சாரம் பிறக்கும் என்பதை முந்திய ஆண்டுதான் அவர் கண்டறிந்திருந்தார். புவியே ஒரு பெருங்காந்தம், நீரோ மின்கடத்தி. எனில், ஓடும் ஆற்றிலும் மின்சாரம் பிறத்தல் வேண்டுமன்றோ? மூன்று நாள் முயன்றார். மானியின் முள் அசைந்தது உண்மையே. ஆயின், இரு கரை நீரின் தூய்மை வேறுபாடும் வெப்ப வேறுபாடும் தகடுகளின் வேறுபாடுமே அதனை அசைத்தன. தம் தோல்வியை ஒளியாது எழுதிவைத்த அப்பெருந்தகையின் நேர்மை, மாணாக்கர் உளங்கொள்ளத் தக்கது.

1851இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் தந்திக் கம்பி இடப்பட்டது. அதன் பொறியாளர் சார்ல்ட்டன் வொல்லாஸ்டன், கடலின் ஏற்றவற்றத்திற்கு இசைய அக்கம்பியில் மின்னழுத்தம் மாறுவதைக் கண்டார். ஆற்றில் அகப்படாதது கடலில் அகப்பட்டது.

புளோரிடாவுக்கும் பகாமாத் தீவுகளுக்கும் இடையே பாயும் நீரோட்டம், நொடிக்கு ஏறத்தாழ 3 கோடியே 20 இலட்சம் கன மீட்டர் நீரைச் சுமந்து செல்வது. வட அட்லாண்டிக்கிற்கு வெப்பம் கொண்டு செல்லும் பெருவழி அது. 1982 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, கடலடித் தொலைபேசிக் கம்பியின் மின்னழுத்தத்தைக் கொண்டே அதனை அளந்தனர். ஓட்டம் தளர்ந்துவருவதாக அவ்வளவைகள் காட்டவே, அறிஞர் உலகம் கவலை கொண்டது. ஆயின், அங்குப் புவிக்காந்தப் புலமும் மெல்ல மாறிவந்தது. மின்னழுத்தத்தின் அளவு அதனையும் பொறுத்ததாயிற்றே! 2024இல் வெளிவந்த ஆய்வொன்று அம்மாற்றத்தையும் கணக்கிற் சேர்த்தது. திருத்திய கணக்கில், அந்நீரோட்டம் அந்நாற்பது ஆண்டும் பெரிதும் நிலையாகவே ஓடியிருந்தது.