வாரியங்கள் முந்தின, மன்றம் பிந்தியது

வேல்ஸின் ஆட்சியமைப்பைக் கற்கப் புகுவோர் ஒன்றை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அங்கே அரசு வாரியங்கள் முந்தித் தோன்றின. அவற்றைக் கேள்வி கேட்கும் மக்கள் மன்றம் பிந்தித்தான் வந்தது.

1964-இல் லண்டன் அமைச்சரவையில் வேல்ஸுக்கென ஓர் அமைச்சர் அமர்ந்தார். காலப்போக்கில் தொழில் வளர்ச்சி முகமை, சுற்றுலா வாரியம் என நியமன உறுப்பினர்கள் நடத்தும் அமைப்புகள் பெருகின. 1987 தொடங்கிப் பத்தாண்டுகள் அந்த அமைச்சர் நாற்காலியில் இருந்தவர்களோ இங்கிலாந்துத் தொகுதிகளின் உறுப்பினர்கள். வாரியத் தலைவரையும் வேல்ஸ் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அவரை நியமித்தவரையும் தேர்ந்தெடுக்கவில்லை. 1979-இல் வாக்களித்தோரில் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் வேண்டாமென்ற தன்னாட்சியை, 1997 செப்டம்பர் 18-இல் அதே நாடு 6,721 வாக்கு வித்தியாசத்தில் ஏற்றதற்கு இந்த மனக்குறையும் ஒரு காரணம்.

அதன்படி 1999-இல் கூடிய வேல்ஸ் பேரவையில் 60 உறுப்பினர்கள். அமைச்சர்களும் உறுப்பினர்களும் சட்டப்படி ஒரே அமைப்பு. கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒன்றானால் கேள்விக்கு வலு ஏது? 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அரசையும் மன்றத்தையும் பிரித்தது. 2011 வாக்கெடுப்பு சட்டமியற்றும் அதிகாரத்தை விரித்தது. 2020 முதல் மன்றத்தின் பெயர் செனெத். 2026 தேர்தலிலிருந்து 96 இடங்கள். காவல்துறையும் நீதித்துறையும் இன்னும் லண்டன் வசம்.

வாரியங்கள் என்னவாயின? வளர்ச்சி முகமையையும் சுற்றுலா வாரியத்தையும் வேல்ஸ் முதலமைச்சர் ரோட்ரி மார்கனின் அரசு 2006-இல் தன் துறைகளுக்குள் இழுத்துக்கொண்டது. வளர்ச்சி முகமை என்ற உலகறிந்த பெயர் போயிற்றே என்று வருந்தியவர்கள் உண்டு. எனக்கோ அந்த இணைப்பு சரியென்றே படுகிறது. மாறாக 2013-இல் காடு, சுற்றுச்சூழல், நாட்டுப்புறப் பாதுகாப்பு ஆகிய மூன்றுக்குமான அமைப்புகள் இணைந்து, இயற்கை வளங்களுக்கென ஒரே அமைப்பு பிறந்தது. மருத்துவம் ஏழு வட்டார நல வாரியங்களின் பொறுப்பு. அவற்றுள் ஒன்று, கிரிமியப் போர்க்களத்தில் செவிலியாகப் பணிபுரிந்த பெட்சி கட்வாலடரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. தலைமைத் தணிக்கையாளரை மன்றம் முன்மொழிய, மன்னர் நியமிக்கிறார். வருங்காலத் தலைமுறைகளின் நலனுக்கான ஆணையரையோ அரசே நியமிக்கிறது. தட்டிக் கேட்க வேண்டியவரைத் தட்டிக் கேட்கப்படுபவரே தேர்ந்தெடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இவ்வளவும் வெறும் நிர்வாகக் கணக்கு என்று நினைப்பவர் அபர்வான் என்னும் வேல்ஸ் சுரங்க ஊரை நினைக்க வேண்டும். 1966 அக்டோபர் 21 காலையில் தேசிய நிலக்கரி வாரியத்தின் கழிவுமேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்தவர் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். எஞ்சிய மேடுகளை அகற்றும் செலவுக்கு, மக்கள் மனமிரங்கி அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு வாங்கப்பட்டது. பிள்ளைகளை இழந்தவர்களிடம் இப்படியா கேட்பது! 1997-இல் அத்தொகையைத் திருப்பிக் கொடுத்தார் வேல்ஸ் அமைச்சராயிருந்த ரான் டேவிஸ், வட்டியில்லாமல். தன்னாட்சி வாக்கெடுப்பை நடத்திய அமைச்சரும் அவர்தான். 2007-இல் வேல்ஸ் அரசு அபர்வான் நினைவு அறக்கட்டளைக்கு 15 லட்சம் பவுண்டும், அவ்வூர்க் கல்வி அறக்கட்டளைக்கு 5 லட்சமும் வழங்கியது.

கைவிடப்பட்ட சுரங்கக் கழிவுமேடுகளைக் கண்காணிக்கத் தனி ஆணையம் அமைக்கும் சட்டம் 2025-இல் நிறைவேறியது. நிறைவேற்றிய செனெத், அபர்வானிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், கார்டிஃப் விரிகுடாவில் இருக்கிறது.