புகைப்பழக்கச் சாக்கு வினாத்தாள் – தமிழாக்கம்

புகைப்பவர் தம் பழக்கத்துக்குச் சொல்லும் சாக்குகளை அளக்கும் வினாத்தாளைத் தமிழருக்கேற்பத் தகவமைப்பதே இப்பணி. தீங்கு தெரிந்தும் விடமுடியாத மனம் காரணம் தேடும். லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் முன்வைத்த அறிதல் முரண்பாட்டுக் கொள்கை இதை விளக்குகிறது. மொழிபெயர்ப்பு, மீள்மொழிபெயர்ப்பு, முன்சோதனை, நம்பகத்தன்மைக் கணக்கீடு என்பன வழக்கமான படிகள். உண்மையான வேலை சொல்லில்தான். சிகரெட்டைப் ‘பிடிப்பவர்’ பீடியைக் ‘குடிப்பார்’. ‘எங்க அப்பாரு தொண்ணூறு வயசு வரைக்கும் பீடி குடிச்சாருங்க’ என்ற வாக்கியத்தில் கொங்கு நாட்டு அன்னூர்க்காரருக்கு அப்பாரு என்றால் தாத்தா. வேறு வட்டாரத்தாருக்குத் தந்தை. சாக்கு ஒன்றே, உறவு மாறிவிடுகிறது. இப்படியொரு வினாத்தாளின் தேவையை எண்கள் காட்டுகின்றன. உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, தமிழ்நாட்டில் புகைத்தோ மென்றோ ஏதேனும் ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவோர் 2009–10-இல் 16.2 விழுக்காடு, 2016–17-இல் 20 விழுக்காடு. இந்தியா முழுவதும் அதே காலத்தில் இந்த விழுக்காடு குறைந்தது.